வெற்றிலை மணக்கும் விரல்

மச்சான்,

நேற்றுச் சாயங்காலம் திருச்செந்தூரிலிருந்து வந்ததும் சவுக்காரம் போட்டுக் கை கழுவினேன். சாப்பிட்ட பிறகும் கழுவினேன். இன்று காலை மண்டியைத் திறந்து, கருப்பட்டிச் சிப்பங்களைப் பிரித்துப் பார்த்து, கையெல்லாம் பிசுபிசுவென்று ஆன பிறகும் வலது கை ஆள்காட்டி விரலை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் வெற்றிலை வாசம்தான் வருகிறது. அதுவும் ஆத்தூர் வெற்றிலை, உங்கள் கொடிக்காலில் விளைந்த வெற்றிலை. கணக்கப்பிள்ளை என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். முதலாளி வேலையை விட்டுவிட்டு விரலை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் யார்தான் பார்க்கமாட்டார்கள்.

நான் வெற்றிலை போடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கொடிக்கால்காரர் வீட்டில் பெண் எடுத்துவிட்டு வெற்றிலை போடாத மாப்பிள்ளை என்று உங்கள் ஊரில் என்னைக் கேலி செய்தது போதாதென்று, நீங்களும் ஒவ்வொரு தடவையும் இளம் வெற்றிலையாகப் பார்த்து எடுத்து, நரம்பு கிள்ளி, என் பக்கம் நீட்டுவீர்கள். பல் கறை பிடிக்கும் என்று சொல்லி மறுப்பேன். பல்லாவது கறையாவது. அந்த வாசம் உங்கள் வாசம் மச்சான். வாசலில் அது வந்ததும் உங்கள் தங்கை அடுப்படியிலிருந்து முகம் மலர வெளியே வருவாள். அப்போது தொட்டிலில் கிடந்த என் மகள் காலை உதைத்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பாள். நான் மண்டியிலிருந்து வரும்போது கருப்பட்டி மணத்தோடுதான் வருகிறேன், ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்புறம் எப்படி நான் வெற்றிலை போடுவேன்.

நீங்கள் கண்ணை மூடி இரண்டு ஐப்பசி மழை பெய்து ஓய்ந்துவிட்டது. நான் உங்களை நினைத்து உருகிக்கொண்டிருப்பதாக எல்லோரும் சொல்கிறார்கள். உருகுவது உண்மைதான். ஆனால் பொறாமை தீரவில்லை, அதுவும் உண்மை. நேற்று நடந்ததை உங்களிடம் சொல்லவேண்டும். அதற்கு முன்னால் பழைய கதை கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான் என்றாலும் என் பக்கத்திலிருந்து நீங்கள் கேட்டதில்லை.

நம் பக்கத்தில் பிள்ளை பிறந்ததும் சேனை தொட்டு வைப்பார்கள். கருப்பட்டித் தண்ணீரோ தேனோ ஒரு சொட்டு விரலில் எடுத்து நாக்கில் வைக்கிறவருடைய குணம்தான் பிள்ளைக்கு வரும் என்று நானும் நம்புகிறேன், நீங்களும் நம்பினீர்கள். என் மகள் வள்ளி பிறந்தது உங்கள் வீட்டில். வலி கண்டுவிட்டது என்று செய்தி வந்த அன்று கொழும்புக்குப் போகிற தோணிக்கு என் சரக்கு ஏறிக்கொண்டிருந்தது. பாதியில் விட்டுவிட்டு வர முடியவில்லை. ஏற்றி முடித்து, வண்டி பிடித்து, ஆத்தூர் வந்து இறங்குவதற்குள் என் மகள் நாக்கில் உங்கள் விரல் பட்டாயிற்று. வாசலிலேயே அத்தை சொன்னார்கள், மூத்தவன்தான் சேனை வச்சான், பிள்ளை சிரிச்ச முகமா வளரும் என்று. மாப்பிள்ளைக்குச் சந்தோஷமான சேதி சொல்கிற நினைப்பு அவர்களுக்கு. எனக்கு வயிறு எரிந்தது. என் குணம் வந்திருந்தால் பிள்ளை எப்படி வளரும் என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்லாததும் என் காதில் விழுந்தது.

போகட்டும், சேனை போனால் என்ன, பிள்ளை நம் பிள்ளைதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, ஐந்தாம் மாதம் தாயையும் பிள்ளையையும் தூத்துக்குடிக்கு அழைத்து வந்தேன். இனி என் வீடு, என் பெண்டாட்டி, என் பிள்ளை. என் தங்கை செல்லக்கனி அப்போது பாவாடை கட்டுகிற வயது. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவளை வளர்த்தது நான்தான். வீட்டில் நாங்கள் நாலு பேர், நடுவில் தொட்டில். எனக்கு அது போதுமாக இருந்தது. ஆனால் வெற்றிலைக் கவுளி ஏற்றிய உங்கள் வண்டி வாரம் தவறாமல் தூத்துக்குடிக்கு வந்தாகவேண்டுமே. சந்தையில் கவுளியை இறக்கிவிட்டு நேரே எங்கள் வாசலில் வந்து மாட்டை அவிழ்ப்பீர்கள். கையில் ஒரு தூக்குச்சட்டி இருக்கும்.

யுத்த காலம் அது. பர்மா அரிசி நின்றுபோய், கடைக்குக் கடை அலைந்தாலும் நல்ல அரிசி கிடைக்காது. கம்பும் சோளமும் தின்று நாக்கு செத்துக் கிடந்த வீட்டில் நீங்கள் தூக்குச்சட்டி மூடியைத் திறப்பீர்கள். கறுப்பு உளுந்தும் பூண்டும் தேங்காயும் போட்டு வடித்த உளுந்தஞ்சோறு. தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். பால் ஊறுகிறவளுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். ஒரு நாள் பால்சுறா வாங்கி, அவித்து, உதிர்த்து, மிளகும் பூண்டும் போட்டுப் புட்டாக்கிக் கொண்டுவந்தீர்கள். கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறவன் நான். ஆத்தூரிலிருந்து நீங்கள் சுறாப்புட்டு கொண்டுவருகிறீர்கள். எனக்கு அது தோன்றவில்லை பாருங்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் எல்லோரையும் வண்டியில் ஏற்றிக் கடற்கரைக்குக் கூட்டிப்போனீர்கள். வெளிச்சம் காட்டக்கூடாது என்று உத்தரவு இருந்ததால் இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். தோணிகள் பாயைச் சுருட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. நீங்கள் சாக்கை விரித்தீர்கள். வண்டியிலிருந்து இறங்கும்போதே பிள்ளையை உங்கள் கைக்கு மாற்றிக்கொண்டாயிற்று.

"ஏளா, ரெண்டு உசுருக்குச் சாப்பிடுத. கூச்சப்படாம நல்லாச் சாப்பிடு" என்றீர்கள்.

உங்கள் தங்கை அன்றைக்குச் சாப்பிட்டதை நான் மறக்கவே இல்லை. சுறாப்புட்டை அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். விரலைக்கூடச் சப்பினாள். பிறகு நீங்கள் மடியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தீர்கள், அதில் முந்திரி மக்ரூன். வாயில் போட்டால் கரைகிற அந்தப் பண்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். பிள்ளை பெற்று வந்ததிலிருந்து தூக்கம் இல்லாமல் வாடிக் கிடந்த முகம் அது. மக்ரூன் விற்கிற கடை என் மண்டிக்கு நாலு கடை தள்ளி இருக்கிறது. தினம் அந்த வழியாகத்தான் போய் வருகிறேன். பிள்ளை பெற்றவளுக்கு மருந்தும் லேகியமும்தான் வாங்கவேண்டும் என்று நினைத்திருந்தேன், பண்டம் வாங்கலாம் என்று நினைக்கவில்லை.

அது போதாதென்று நீங்கள் ஒரு வெற்றிலையை எச்சில் தொட்டு நெற்றியில் ஒட்டிக்கொண்டு, பிள்ளையைப் பார்த்துப் பெரிதாகத் தும்மினீர்கள். வெற்றிலை பறந்து விழுந்தது. வள்ளி சத்தம் போட்டுச் சிரித்தாள். அதுவரை அவள் வாய் விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. திரும்பவும் ஒட்டினீர்கள், திரும்பவும் தும்மினீர்கள், திரும்பவும் சிரித்தாள். செல்லக்கனியும் சிரித்தாள், உங்கள் தங்கையும் சிரித்தாள். நான் தோணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு வீட்டில் மூன்று பையன்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தும்மிக் காட்டினால் போதாதா என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கூடத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு, நானும் நெற்றியில் ஒரு பூவரச இலையை ஒட்டிக்கொண்டு தும்மினேன். பிள்ளை வீறிட்டு அழுதது. ஓடி வந்த உங்கள் தங்கையிடம் எறும்பு கடித்திருக்கும் என்று சொன்னேன். நெற்றியில் இலை இருந்ததை அவள் பார்த்தாளா என்று இன்றுவரை கேட்கவில்லை.

கொடிக்காலில் கொடியை இறக்கிக் கட்டுகிற வேலை என்று நீங்கள் வராத ஒரு வாரம் எனக்கு வாய்த்தது. இந்த வாரம் நாம் மட்டும் போவோம் என்றேன். குதிரை வண்டி அமர்த்தினேன். போர்வை, குடை, பிள்ளைக்கு மாற்றுத் துணி, குடிக்க வெந்நீர் என்று ஒன்று விடாமல் நானே எடுத்து வைத்தேன். வெளியே போனால் கட்டுச்சோறு, கட்டுச்சோறு என்றால் புளிச்சோறு, சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்தது அதுதான். சாப்பாட்டுக் கிளப்புக்காரரிடம் முந்தின நாளே சொல்லி, நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, நிலக்கடலை வறுத்துப் போட்டு, கூட அப்பளமும் வைத்து, வாழை இலையில் பொட்டலம் கட்டி வாங்கி வந்தேன். கடற்கரையில் நானே சாக்கை விரித்தேன், நானே பொட்டலத்தைப் பிரித்தேன். உங்கள் தங்கை முன்னால் ஒன்றை வைத்துவிட்டு, நீங்கள் பார்ப்பது போலவே அவள் முகத்தைப் பார்த்தேன்.

அவள் அப்பளத்தை எடுத்துக் கடித்தாள். சோற்றைத் தொடவில்லை. பசிக்கவில்லை என்றாள். செல்லக்கனிதான் இரண்டு பொட்டலத்தையும் காலி செய்துவிட்டு, மதினி புளி சாப்பிடக்கூடாதுல்லா அண்ணே, பிள்ளைக்கு வயிறு பொருமிரும்லா என்று போகிற போக்கில் சொன்னாள். பாவாடை கட்டுகிறவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. பத்தியம் இருக்கிறவளுக்குப் புளிச்சோறு வாங்கி வந்த புருஷன் தூத்துக்குடியிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். பக்கத்தில் வேறு தின்பண்டமும் கிடைக்கவில்லை. பால் கொடுக்கிறவள் காற்றில் உட்கார்ந்து இரண்டு அப்பளத்தோடு பொழுதைப் போக்கினாள். அவள் என்னைக் கோபித்துக்கொள்ளவே இல்லை. திரும்பி வரும்போது வண்டியில், "அண்ணன் வந்திருந்தா" என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். முழுதாகச் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அப்போதுதான் எனக்குள் அந்தப் பிடிவாதம் வந்தது. சேனை போயிற்று, சிரிப்பு போயிற்று, முதல் சோறாவது என் கையால் போகவேண்டும். வேறு எதையும் உங்களிடமிருந்து நான் கேட்கவில்லை, மனதுக்குள்ளேகூட. அந்த ஒரு வாய்ச் சோறு மட்டும்.

உங்கள் தங்கையிடம் மெல்லப் பேச்சை எடுத்தேன். திருச்செந்தூரில் வைத்துச் சோறு ஊட்டுவோம், அப்பன் ஊட்டினால் என்ன என்று கேட்டேன். நான் ஏதோ தாலியை மாற்றிக் கட்டலாமா என்று கேட்டமாதிரி பார்த்தாள். தாய்மாமன் மடியில் உட்கார்த்தி, தாய்மாமன் கையால்தான் முதல் சோறு, தாய்மாமன் கல்லுப்போல இருக்கும்போது அப்பன் ஊட்டினால் ஊர் சிரிக்காதா என்றாள். ஊர் சிரிக்கட்டும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சரி என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அடுத்த வாரம் நீங்கள் வந்தபோதும் பேசவில்லை. நீங்கள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். பிறகு வெற்றிலையை நீட்டினீர்கள். பல் கறை பிடிக்கும் என்றேன்.

பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடிய காலம். பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு, புகை கக்கிக்கொண்டு, மேடு வந்தால் ஆட்களை இறங்கச் சொல்லுகிற வண்டி. ஆத்தூர் நிறுத்தத்தில் நீங்களும் அத்தையும் ஏறுவதாக ஏற்பாடு. அத்தை மட்டும் நின்றார்கள். மூத்தவன் வெற்றிலை பறிக்கப் போனான், இன்னும் காணோம் என்றார்கள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது மச்சான். கண்டக்டரிடம் போய் நேரமாகிறதே, எடுக்கக் கூடாதா என்று நானே கேட்டேன். அந்த வண்டி அன்று வரை யாருக்காகவும் நின்றதில்லை. ஆனால் அன்றைக்கென்று அடுப்பு அணைந்துபோய், கிளீனர் விசிறியைச் சுற்று சுற்றென்று சுற்றியும் பற்றவில்லை. பற்றிய நேரத்தில் நீங்கள் ஈரத் தலையோடு, ஒரு கையில் ஓலைப்பெட்டி, ஒரு கையில் வெற்றிலை என்று ஓடி வந்து ஏறினீர்கள். பஸ்ஸில் எல்லோருக்கும் சிரிப்பு. வள்ளி உங்கள் மடிக்குத் தாவிவிட்டாள். நான் ஜன்னலோரம் நகர்ந்துகொண்டேன்.

கோவிலில் நடந்ததை நான் எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்பது உங்களுக்கே தெரியும். நீங்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்தீர்கள். பிள்ளையை மடியில் வைத்தார்கள். நெய்விட்டு மசித்த சோறு இலையில் இருந்தது. சோற்றுக்கு முன்னால் உங்கள் விரலைப் பிள்ளை உதட்டில் வைத்துக் கொஞ்சினீர்கள். உங்களைக் கண்டால் காலை உதைக்கிற பிள்ளை, நெற்றி இலைக்குச் சிரிக்கிற பிள்ளை, முகத்தைச் சுளித்து, உதட்டைப் பிதுக்கி, ஓவென்று அழுதுகொண்டு என்னைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டியது. என்னைப் பார்த்து.

"மாப்ளே, பிள்ளை உங்களத்தான் தேடுது. நீங்களே ஊட்டுங்க" என்றீர்கள்.

அத்தை கூடாது என்றார்கள். உங்கள் தங்கை உங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்கள் சிரித்துக்கொண்டே, "மடி மாமன் மடிதான, கை மட்டும் அப்பன் கையா இருக்கட்டும். முருகன் கோவிச்சுக்கிட மாட்டான்" என்றீர்கள். நான் எதிரே மண்டி போட்டு உட்கார்ந்து, ஒரு பருக்கையும் கீழே விழாமல், என் மகளுக்கு முதல் சோற்றை ஊட்டினேன். அழுகையை நிறுத்தி, வாயைச் சப்புக்கொட்டி, இன்னும் கேட்டாள்.

அதற்குப் பிறகு கடற்கரை மணலில் உட்கார்ந்து சாப்பிட்டோமே, அந்தச் சாப்பாடு போல நான் சாப்பிட்டதில்லை. உங்கள் ஓலைப்பெட்டியிலிருந்து வந்த எல்லாவற்றையும் சாப்பிட்டேன். உளுந்தஞ்சோறு இவ்வளவு ருசியா என்று உங்களிடமே கேட்டேன். அவித்த பனங்கிழங்கை நீங்கள் நார் உரித்துக் கொடுக்கக் கொடுக்கத் தின்றேன். ஜெயித்தவனுக்கு என்ன பசி எடுக்கிறது. உங்களைப் பார்த்துப் பாவமாகக்கூட இருந்தது. இத்தனை பண்டம் சுமந்து வந்த மாமனைப் பிள்ளை கைவிட்டுவிட்டதே என்று.

அன்றிலிருந்து எந்தக் கல்யாண வீட்டிலும், எந்தப் பந்தியிலும், நீங்கள் பக்கத்தில் இருந்தால் இந்தக் கதையை எடுத்துவிடுவேன். மச்சான் மடியில் இருந்துகொண்டு பிள்ளை என்னைத்தான் கேட்டது என்பேன். நீங்கள் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தலையை ஆட்டுவீர்கள். "ஆமா மாப்ளே, என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல" என்பீர்கள். ஒரு தடவைகூட மாற்றிச் சொன்னதில்லை.

நீங்கள் போன அன்று வள்ளி தரையில் புரண்டு அழுதாள். நானும் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டுதான் நின்றேன். ஆனாலும் அவளைப் பார்த்து, எனக்கு இவள் இப்படி அழுவாளா என்று நினைத்தேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, நினைத்தேன்.

இப்போது செல்லக்கனிக்கு ஒரு பையன் பிறந்திருக்கிறான். அவளைச் சாயர்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குக் கொடுத்தது நீங்கள் பார்த்துச் செய்த சம்பந்தம்தானே. பையனுக்குச் சோறு ஊட்ட நாள் குறித்தார்கள், தாய்மாமன் நான். போன வாரம் திருச்செந்தூருக்கு எடுத்துப்போகிற சாமான்களைக் கட்டிக்கொண்டே வழக்கம்போல என் கதையை ஆரம்பித்தேன். வள்ளி இருக்கிறாளே, உங்கள் அண்ணன் மடியில் இருந்துகொண்டு என்று தொடங்கியதும் உங்கள் தங்கை கையிலிருந்த வெற்றிலையைக் கீழே வைத்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"அன்னைக்கு அண்ணன் விரல்ல வெத்தலையக் கிள்ளித் தேச்சிருந்தாவ. காரம் பட்டுத்தான் பிள்ளை அழுதா."

நான் நம்பவில்லை. இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லக்கூடாதுன்னுட்டாவ. மாப்ள ஜெயிச்சதாவே இருக்கட்டும்ளான்னாவ."

இனி நீங்கள் இல்லை, அந்த ரகசியத்தைத் தனியாக வைத்துக்கொண்டிருக்கத் தன்னால் முடியவில்லை என்று சொல்லி அழுதாள். நான் எழுந்து வாசலுக்குப் போனேன். எனக்கு நன்றி வரவில்லை மச்சான். ஆத்திரம்தான் வந்தது. உங்களிடம் நான் ஜெயித்தது என்று இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் நீங்கள் போட்ட பிச்சை என்றால் எனக்கு மிச்சம் என்ன இருக்கிறது. பறிக்கப் போன வெற்றிலை எதற்கு என்றும் அப்போதுதான் விளங்கியது. அந்தக் கரி பஸ்ஸைத் தவறவிட்டாலும் விடலாம் என்று, காரமான வெற்றிலையாகத் தேடிக்கொண்டு கொடிக்காலில் நின்றிருக்கிறீர்கள். நான் கண்டக்டரிடம் வண்டியை எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேற்றுப் போன பஸ் பெட்ரோலில் ஓடுகிறது. எங்கும் நிற்கவில்லை, புகையவில்லை. ஆத்தூர் நிறுத்தத்தில் உங்கள் வீட்டிலிருந்து ஒரு கவுளி வெற்றிலை கொடுத்துவிட்டார்கள். ஓலைப்பெட்டியோடு யாராவது ஓடி வருகிறார்களா என்று வண்டி கிளம்பும் வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாத்தியார் முகத்தை பஸ்ஸிலேயே கவனித்தேன். பையன் என் தோளில் கிடந்தான். வாத்தியார் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்திருந்தார். செல்லக்கனி ஏதோ கேட்டால் ஒற்றை வார்த்தையில் பதில் வந்தது. அந்த முகத்தை எனக்குத் தெரியாதா. ஆத்திரத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கவுளியிலிருந்து ஒரு வெற்றிலையை உருவி மடியில் செருகிக்கொண்டேன்.

சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மடியில் பையன். யாரும் பார்க்காமல் வெற்றிலை நுனியைக் கிள்ளி, கசக்கி, ஆள்காட்டி விரலில் நன்றாகத் தேய்த்துக்கொண்டு, கொஞ்சுவதுபோல அவன் உதட்டில் வைத்தேன். இதோ அழப்போகிறான், இதோ அப்பனைப் பார்த்துக் கையை நீட்டப்போகிறான் என்று காத்திருந்தேன். பையன் என் விரலைச் சப்பினான். ஒரு தடவை கண்ணைச் சிமிட்டினான். பிறகு இரண்டு கையாலும் என் விரலைப் பிடித்துக்கொண்டு, பல் முளைக்காத ஈறால் கவ்விக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். மாமன் என்றால் மாமன்தான் என்று யாரோ சொன்னார்கள். வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நீங்கள் எப்படிச் செய்தீர்கள் மச்சான். நுனியைக் கிள்ளினீர்களா, காம்பைக் கிள்ளினீர்களா. உங்கள் கொடிக்கால் வெற்றிலையே என் கையில் வந்தால் காரம் இல்லாமல் போய்விடுகிறது. இதில்கூட நீங்கள்தான்.

ஆனால் நான் சொல்லவந்தது அதை அல்ல. ஒரு பிள்ளை என்னைப் பார்த்து அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. வள்ளிகூட அப்படிச் சிரித்ததில்லை. விரலை விடவே மாட்டேன் என்கிறான். எதிரே நெய்ச்சோறு. முறைப்படி என் சோறு, என் கை, என் உரிமை. ஊட்டினால் ஒருத்தரும் ஒரு சொல் சொல்லமுடியாது. ஊட்டிவிடலாம் என்றுதான் கை போயிற்று. பாதியில் உங்கள் நினைப்பு வந்தது. உங்களைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிற பிள்ளையை, உங்கள் விரலாலேயே, உங்களை வெறுக்கும்படி செய்துவிட்டு நீங்கள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். அந்த அழுகை உங்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

விரலை அவன் வாயிலிருந்து மெல்ல எடுத்தேன். எடுத்ததும் அழுதான். விரலுக்காக அழுதான், அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"மாப்ளே, பிள்ளை உங்களத்தான் தேடுதான். மடி என் மடியாவே இருக்கட்டும், நீங்க ஊட்டுங்க" என்றேன்.

உங்கள் தங்கை முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டாள். வாத்தியார் எதிரே மண்டி போட்டு உட்கார்ந்தார். அவர் கையிலிருந்து இரண்டு பருக்கை என் வேட்டியில் விழுந்தது. நான் ஊட்டியபோது ஒரு பருக்கையும் விழவில்லை, அதை இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

மணலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். செல்லக்கனிக்குப் புளி இல்லாமல் உளுந்தஞ்சோறும் துவையலும் கட்டச் சொல்லியிருந்தேன். மக்ரூன் பொட்டலமும் என் மடியில் இருந்தது. வாத்தியார் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என்னைப் பார்த்துக் கொஞ்சம் பாவப்பட்டார் என்றும் தோன்றியது. திரும்பி வரும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளிடம், மாமன் மடியில் இருந்துகொண்டு பிள்ளை என்னைத்தான் தேடினான் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்படித்தான மச்சான்?"

"ஆமா மாப்ளே, என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அப்போதிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாத்தியார் இன்னும் எத்தனை வருஷம் எத்தனை பந்தியில் இதைச் சொல்லப்போகிறார். ஒவ்வொரு தடவையும் நான் தலையாட்டவேண்டும். பையன் என் விரலைத்தான் பிடித்துக்கொண்டிருந்தான், என்னைப் பார்த்துத்தான் சிரித்தான் என்று சொல்ல வாய் துறுதுறுக்கிறது. ஒரு நாள் தாண்டவில்லை, அதற்குள் இப்படி. நீங்கள் சாகிற வரை சிரித்துக்கொண்டே வைத்திருந்தீர்கள். எனக்குப் பொறாமையாக இருக்கிறது மச்சான், அந்த வாத்தியார் மேலும், உங்கள் மேலும்.

யாரிடமாவது சொன்னால்தான் ஆறும்போல் இருந்தது. சொன்னாலும் வாத்தியார் காதுக்குப் போகாத ஆள் நீங்கள் ஒருத்தர்தான். அதனால் உங்களிடம் சொல்லிவிட்டேன். கணக்கப்பிள்ளை சாப்பிடக் கூப்பிடுகிறார். கை கழுவாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.